நண்டில்லாத கூழ்

புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், லோறென்ஸ்கூக் என்ற ஊரில் அப்பா வீடு வாங்கிய பிறகு, முதல் பனி கொட்டியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூழ் நாள். பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவும் மீனும் இறாலும் நண்டும் கொதிக்கும் ஒரே பானை. அதைச் சுற்றி நாங்களும் சித்தப்பா குடும்பமும்.

அந்த வருடம் நான் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டிருந்தேன். கட்டடங்களிலிருந்து வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று கணக்கிடுவது என் வேலை. காலை முழுவதும் ஒரு ஜன்னல் இடுக்குக்காக வாதாடிவிட்டு, மதியம் மாட்டிறைச்சி சாப்பிடுவது எனக்குக் கணக்காகப் படவில்லை.

அம்மா முதலில் விரதம் என்று நினைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர் அந்தப் பெடியன்? சைவக்கார ஆக்களோ?" என்றார்.

"பெடியன் ஒருத்தரும் இல்லை அம்மா. பூமி சூடாகுது."

வாசலில் பனி வழித்துவிட்டு உள்ளே வந்த அப்பா, "சூடானா நல்லதுதானே. எனக்கு உந்த வழிக்கிற வேலை மிச்சம்" என்றார்.

கூழ் நாளுக்கு எனக்குப் புறம்பாக ஒரு சின்னச் சட்டியில் வைக்கலாம் என்றார் அம்மா. அன்போடுதான் சொன்னார். ஆனால் கூழைத் தனியே குடிக்க முடியுமா? பானை முழுவதையும் ஒருமுறை சைவமாகக் காய்ச்சுவோம் என்று கேட்டேன்.

அப்பா யோசித்தார். "சரி பிள்ளை. ஆனா ஒரு அகப்பை மிஞ்சினாலும் வாற வருசம் நண்டு. நீயும் குடிக்கோணும்."

"ஓம்" என்றுவிட்டேன்.

மீன் கூழுக்குள் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தேன். கடல் வாசனைக்கு, வறுத்துப் பொடித்த கடற்பாசி. சாரத்துக்கு, காய்ந்த காளான் ஊறிய தண்ணீர். கடிபட, பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும். "இதென்ன குசினியோ, ஆய்வுகூடமோ?" என்று கேட்டபடியே அம்மா புளியைக் கரைத்துத் தந்தார். செத்தல் மிளகாயை மட்டும் என்னை நம்பி விடவில்லை; தானே அரைத்தார்.

கோப்பிக் கோப்பைகளில் ஊற்றினோம். சித்தப்பா கரண்டியால் துழாவினார்.

"அண்ணை, இதுக்குள்ளை ஒருத்தரும் நீந்தேல்லை."

"வலை போட்டுப் பார்" என்றார் அப்பா.

சிரிப்பு அடங்கியபோது உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. எல்லாருடைய மூக்கிலும் வியர்வை. சித்தப்பா மூன்றாவது தரமும் கோப்பையை நீட்டினார். அப்பா மட்டும் "உறைப்பு அளவா இருக்கு" என்றதோடு சரி.

கடைசியில் எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்கள். பானையை எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு அகப்பை அளவு கிடந்தது. எனக்கு இனி ஒரு வாய்கூட இறங்காது. சித்தியைப் பார்த்தேன், கையெடுத்துக் கும்பிட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்த வருடம் நண்டு என்று மனதைத் தயார்படுத்தத் தொடங்கினேன்.

அப்பா எழும்பிப் பானையைத் தூக்கினார். "ஊறப் போடப்போறன்."

கூழ் நாளில் அவர் பானை கழுவியதே இல்லை. குசினியிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது.

"அண்ணை, அங்கை என்ன சத்தம்?"

"அடிப்பிடிச்சுப் போச்சு!"

போய்ப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அகப்பையாலேயே குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மீசையைத் துடைத்துவிட்டு, பானையைச் சரித்து அடியைக் காட்டினார்.

"பார், மிஞ்சேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "வாற வருசம் பலாக்கொட்டையைக் கொஞ்சம் கூடப் போடு பிள்ளை. பத்தேல்லை."