கம்ப்யூட்டர் காட்டிய அண்ணன்

நூருன்னிசா தன் வீட்டுக்காரரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். மாமி மகனைக் கட்டிய பெண் வேறெப்படிக் கூப்பிடுவாள்? யூசுப்பின் உம்மா ஹலீமாவும் நூருன்னிசாவின் வாப்பா அப்துல் அலீமும் கூடப் பிறந்தவர்கள். அறுபத்தாறாம் வருஷம், முறை விட்டுப்போகக் கூடாது என்று நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஊரே கூடி நடத்திவைத்த நிக்காஹ் அது. நாற்பதாம் நாள் மாப்பிள்ளை சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார்.

அவர்கள் தெருவில் அது புதுமையில்லை. கடல் கடந்து சபர் போகிற ஆண்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள், வாசனை சோப்பும் கைலியுமாகத் தெருவையே மணக்க வைப்பார்கள், மூன்று மாதத்தில் போய்விடுவார்கள். யூசுப்பும் அப்படித்தான். பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டரை வருஷம் தேறினால் அதிகம். அதற்குள் சம்சுன்னிசா பிறந்தாள், வளர்ந்தாள், மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டாள். அந்தக் கல்யாணப் பந்தலைப் பிரித்த அன்றைக்கே நூருன்னிசா சொல்லிவிட்டாள்.

"இனிமே இங்க நான் யாருக்குச் சோறாக்க? உங்களோடயே வந்துர்றேன் மச்சான்."

யூசுப் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

அப்படித்தான் எண்பத்தைந்தில், முப்பத்தெட்டு வயதில், அவள் முதன்முதலாக சிங்கப்பூரில் குடித்தனம் வைத்தாள். மார்சிலிங்கில் ரத்தினம்மா என்பவரின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை. யூசுப்பின் பிழைப்பு டன்லப் தெருவில். கடைவீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஒட்டுக்கடை. பத்திரிகை, சிகரெட், மிட்டாய், தலைவலி மாத்திரை. அப்துல் அலீம் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த அதே கடை. அவர் எழுபத்தொன்பதில் ஊரில் மௌத்தானதும் மருமகன் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் அவள் முதலில் கற்றுக்கொண்டது பஸ் எண்ணை அல்ல, பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த முத்திரையின் கெடு தேதியை. ஐந்தாம் வகுப்புப் படிப்பில் இங்கிலீஷ் எழுத்து வராவிட்டாலும் எண்கள் வரும். முதலில் ஒரு மாதம். பிறகு குடிநுழைவு அலுவலகத்தில் போய் நின்றதும் இன்னொரு மாதம். பிறகு மூன்று. ஒவ்வொரு தடவையும் மீன் குழம்புக்குப் புளி கரைக்கிற நேரத்தில் அந்தத் தேதி ஞாபகம் வந்து கை நின்றுவிடும்.

"இப்படித் தவணை தவணையா ஒரு பொண்டாட்டிய வச்சிருக்கலாமா மச்சான்?"

அதற்கு வழி சொன்னவர் ரவூப். சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் படிக்கட்டுக்கு அடியில் தட்டச்சு யந்திரம் வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன ஃபாரம் வேண்டுமானாலும் நிரப்பிக் கொடுப்பவர்.

"நீலக் கார்டுக்கு மனு போடுங்க தங்கச்சி. மச்சானுக்கு ரோஸ் கார்டு இருக்கு, சிட்டிசன். சிட்டிசன் பொண்டாட்டிக்கு நிரந்தரமா இருக்க உரிமை கேக்கலாம். நிக்காஹ் பேப்பர் இருக்குல்ல?"

இருந்தது. பள்ளிவாசல் பதிவேட்டிலிருந்து ஊர் ஜமாஅத் எழுதிக் கொடுத்தது. மணமகன் முகம்மது யூசுப், த/பெ ஹனீபா. மணமகள் நூருன்னிசா, த/பெ அப்துல் அலீம். ரவூப் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு மனுவின் எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி நிரப்பினார். பிறந்த ஊர். உடம்பில் அடையாளம். எந்த நாட்டிலாவது சிறையில் இருந்ததுண்டா.

"அதையெல்லாமா கேப்பாங்க?"

"இருந்திருந்தா சொல்லிருங்க. இல்லேன்னு போட்டுட்டேன். சொந்தக்காரங்க யாராவது சிங்கப்பூர்ல இருந்திருக்காங்களான்னு கேக்குது."

நூருன்னிசாவுக்கு முகம் மலர்ந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பையைத் துழாவி, வாப்பாவின் பழைய அடையாளக் கார்டை எடுத்து வைத்தாள். ஓரம் மஞ்சளடித்த பிளாஸ்டிக்குக்குள் தொப்பியோடு அப்துல் அலீம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா முப்பது வருஷம் இந்த ஊர்க்காரங்க. இதையும் சேர்த்து வைங்க. மதிப்பு இருக்கும்."

பக்கத்தில் நின்ற யூசுப், "அது வேணாம் நூரு" என்றார்.

"ஏன்?"

"மௌத்தாப்போனவங்க கார்டு எதுக்கு?"

"ஏன், என் வாப்பா பேரு வந்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா?"

ரவூப் கார்டைப் பார்த்து எண்ணைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து இணைத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இருவரும் நேரில் வர வேண்டும்.

ஆற்றோரத்தில் இருந்த குடிநுழைவு அலுவலகத்தில் அன்று கூட்டம் குறைவு. அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்ட கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, சட்டையில் உர்சுலா என்ற பெயர்த்தகடு. மேசையில் காகிதக் கட்டு எதுவும் இல்லை. சின்ன டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று ரவூப் சொல்லியிருந்தார். நூருன்னிசா இப்போதுதான் பார்க்கிறாள்.

உர்சுலா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க அப்பா பேரு அப்துல் அலீம். கரெக்டா?"

"ஆமாம்மா. டன்லப் தெருவுல கேட்டா யாரும் சொல்லுவாங்க."

"அவங்க ஐசி கார்டு நம்பர் நீங்க கொடுத்தது, அதுவும் சரியா இருக்கு. கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்லம்மா. நான் ஒத்தைப் பிள்ளை."

"இல்லையே. அண்ணன் ஒருத்தர் இருக்காரே."

நூருன்னிசா சிரித்துவிட்டாள். "எனக்கா?"

"அப்துல் அலீம் நம்பரைத் தட்டினா கம்ப்யூட்டர் ஒரு மகனைக் காட்டுது. நாப்பத்தி நாலுல பிறந்தவர். அம்பத்தாறுல அப்பாவோட கப்பல்ல வந்து இறங்கியிருக்கார்."

அவள் சிரிப்பு அப்படியே உறைந்தது. சபர் போனவர்களின் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த நொடியில் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது. ஆண் பிள்ளை இல்லையென்று உம்மா எத்தனை தர்காவுக்கு நடந்தார்! அத்தனை நாளும் வாப்பாவுக்கு வேறெங்கோ ஒரு குடும்பம், அதில் தன்னைவிட மூத்த ஒரு மகன்.

"அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

"முகம்மது யூசுப்."

நூருன்னிசா பக்கத்தில் திரும்பினாள். "மச்சான், உங்க பேர்லயே வாப்பாவுக்கு ஒரு பிள்ளை இருந்துச்சா? உங்களுக்குத் தெரியுமா?"

யூசுப் சட்டைப் பையிலிருந்து தன் ரோஸ் கார்டை எடுத்து கவுண்டரில் வைத்தார். உர்சுலா அதன் எண்ணைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கார்டில் இருந்தது வெறும் முகம்மது யூசுப். தகப்பன் பெயர் கார்டில் இல்லை, அலுவலகப் பதிவில்தான் இருந்தது.

"இவருதாம்மா" என்றாள் உர்சுலா.

நூருன்னிசா பெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். அங்கே பெஞ்சு இல்லை. யூசுப் அவள் முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையை அவள் உதறினாள். ஏன் உதறினாள் என்று பிறகு நினைத்தபோது உடம்பே கூசியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பெட்டி சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.

"எங்க வீட்லயும் மாமன் மகளைக் கட்டுற வழக்கம் உண்டு" என்றாள் உர்சுலா, குரலைத் தாழ்த்தி. "என்ன நடந்திருக்கும்னு எனக்குப் புரியுது. ஆனா இதுல மாமான்னு இல்லையே. அப்பான்னுதானே இருக்கு. முன்னால இது வேற ஃபைல், அது வேற ஃபைல், வேற ரூம். யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டாங்க. இப்ப நம்பரைத் தட்டினா ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குது."

பிறகு அவள் உத்தியோகக் குரலுக்குப் போனாள்.

"இவர் உங்க அண்ணன்னா, மனைவின்னு இப்ப கொடுத்த மனு பொய். இவர் உங்க வீட்டுக்காரர்னா, மகன்னு அம்பத்தாறுல கொடுத்த மனு பொய். ரெண்டுல எது பொய்னு நீங்கதான் சொல்லணும். உங்க பாஸ் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள வாங்க."

"உண்மையைச் சொன்னா இவருக்கு என்ன ஆகும்?"

"நான் சொல்ல முடியாதும்மா. மேல போகும். கார்டே போனாலும் போகலாம்."

நேராக ரவூப்பிடம் போனார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தட்டச்சு யந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தெருவை ஒரு பார்வை பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"மனைவி மனுவை வாபஸ் வாங்கிருவோம். காயிதத்துல தங்கச்சியாவே இருந்துட்டுப் போங்களேன். அண்ணனைப் பார்க்க வந்த தங்கச்சின்னு விசிட் பாஸ். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் போய் வரலாம். யாருக்கும் கேடில்ல."

"ரவூப் அண்ணே, உங்க பொண்டாட்டிய எந்த அண்ணன் வீட்டுல விட்டு வச்சிருக்கீங்க?"

ரவூப் தட்டச்சு யந்திரத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கடை திறக்கவில்லை. ஃபேரர் பார்க் திடலில் வெயிலில் சில பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்ததும் யூசுப்பே ஆரம்பித்தார். அவர் தானாக ஒரு பேச்சை ஆரம்பித்தது அதுவே முதல் தடவை போலிருந்தது.

"எங்க அத்தா ஹனீபா மௌத்தாப்போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. உம்மா, இவனையும் கூட்டிட்டுப் போன்னு மாமாகிட்ட அழுதுச்சு. பெத்த பிள்ளையைத்தான் விடுவாங்க, அக்கா பிள்ளையை விட மாட்டாங்க. கப்பல்ல வர்றப்ப முழுக்க, 'வாப்பான்னு சொல்லு, வாப்பான்னு சொல்லு'ன்னு சொல்லிக்கொடுத்தாங்க. தப்பிப்போய் மாமான்னு வந்தா தொடையில கிள்ளு. இறங்கின இடத்துல வெள்ளைக்காரன் கேட்டான், சொன்னேன். கடைக்கு வந்ததும் மறுபடி மாமா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டாங்க. அப்புறம் எனக்கே மறந்தமாதிரி ஆயிருச்சு நூரு. சட்டைக்குள்ள இருக்கிற தழும்பு மாதிரி. தினமும் பார்க்கிறதா என்ன?"

நூருன்னிசா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் முன்னால் இந்த மனிதர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கடையில் ஒரு பொட்டலம் தவறினாலும் வாப்பா கத்துவார், இவர் தலை குனிந்து நிற்பார். பயபக்தி என்று ஊரே மெச்சியது. இப்போது அந்தக் குனிந்த தலைக்கு வேறு அர்த்தம் தெரிந்தது. வாப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் கார்டே போயிருக்கும்.

"அப்ப, வாப்பா என்னைக் கட்டிக்கன்னு சொன்னப்ப உங்களால மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா?"

யூசுப் பந்து உதைக்கும் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறேன்ல. என்னை வேணும்னு கட்டுனீங்களா, கார்டுக்குப் பயந்து கட்டுனீங்களா?"

"பயந்துதான்" என்றார் யூசுப்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யாவது சொல்வார் என்றுதான் நினைத்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக முறை, உரிமை, அல்லாஹ் போட்ட முடிச்சு என்று நினைத்திருந்தது, கடைசியில் மிரட்டலுக்குக் கட்டிய தாலிக் கருகமணியா? அழுகைகூட வரவில்லை.

"மாமா மௌத்தாகி ஆறு வருஷமாச்சு" என்றார் யூசுப். "அதுக்கப்புறம் என்னை மிரட்ட ஆளில்ல. உனக்கு ஏர் டிக்கெட்டு எடுத்தது யாருக்கும் பயந்து இல்ல."

"கார்டு போயிருச்சுன்னா?"

"போனா ஊருக்குப் போறது. எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. நீதான் வழி காட்டணும்."

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். மறுநாள் இருவரும் அதிகம் பேசவில்லை, கடையும் திறக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை, ரத்தினம்மா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும்போதே யூசுப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

கவுண்டரில் அதே உர்சுலா. நூருன்னிசா பேச வாயெடுத்தாள். யூசுப் அவளை முந்திக்கொண்டார்.

"நான் அப்துல் அலீம் மகன் இல்லைங்க. ஹனீபா மகன். எங்க உம்மா ஹலீமா, ஊர்ல உசிரோட இருக்காங்க. அம்பத்தாறுல எழுதினது பொய். எனக்கு விவரம் தெரிஞ்ச பிறகும் நான் திருத்தலை, அது என் தப்பு. எழுதிக்கங்க."

நூருன்னிசா அவரையே பார்த்தாள். அவர் தலை குனியவில்லை. இந்த மனிதர் உரக்கப் பேசினால் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

உர்சுலா தட்டச்சை நிறுத்தினாள். "இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"பெண்சாதி."

"கையெழுத்துப் போட்டா திரும்ப மாத்த முடியாது. யோசிச்சுட்டீங்களா?"

யூசுப் பேனாவை வாங்கினார்.

அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு உர்சுலா அவருடைய ரோஸ் கார்டை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பதிலாக முத்திரை குத்திய ஒரு தாளை நீட்டினாள். விசாரணை முடியும்வரை அதுதான் அவருக்கு அடையாளம். ஊரிலிருந்து பிறப்புச் சான்றும் உம்மாவின் வாக்குமூலமும் வரவழைக்க வேண்டும். முடிவு எப்படியிருக்கும் என்று அவளால் சொல்ல முடியாது. நூருன்னிசாவின் பாஸ்போர்ட்டிலும் ஒரு முத்திரை விழுந்தது.

வெளியே படியில் நின்று நூருன்னிசா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண்ணைத் தேடிப் படித்தாள். தாளிலும் இருபத்தெட்டு, பாஸ்போர்ட்டிலும் இருபத்தெட்டு. அடுத்த மாதம்.

"மச்சான், ரெண்டு பேருக்கும் ஒரே தேதிதான் போட்டிருக்காங்க."

யூசுப் வெறும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அது வரைக்கும் என்ன செய்ய?" என்றாள்.

"உம்மாவுக்குக் கடிதாசி போடணும். கடையத் திறக்கணும், மூணு நாள் பத்திரிகைக் கட்டு அப்படியே கிடக்கும்."

"நானும் கடைக்கு வர்றேன்" என்றாள் நூருன்னிசா. அவர் மறுக்கவில்லை.