மூலமும் நகலும்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் ஆபீஸில் சம்பூர்ணத்துக்கு அட்டெண்டர் வேலை. செய்யூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, டீ போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் மகள் ஜெயப்பிரியாவின் ஜாதகத்தில் கை வைத்தாள். பெண்ணுக்கு மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்று வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பியது. ஜோசியரைப் பிடித்து நட்சத்திரத்தை மாற்றினாள். அடுத்தது பூராடம், அதற்கும் ஊரில் ஒரு பேச்சு உண்டு என்பதால் ஒரே தாவலாக உத்திராடம் முதல் பாதம். ராசி அதே தனுசுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். செங்கல்பட்டு வரன் அதில்தான் படிந்தது.

செய்யூர்க் கடையில் ஜெராக்ஸ் போட்டால் கடைக்காரன் படித்துவிட்டு ஊருக்கே பலன் சொல்வான். ஆபீஸ் மிஷினுக்கு வாயா இருக்கிறது? ஜோசியருக்குப் பழைய ஜாதகம், மாப்பிள்ளை வீட்டுக்குப் புதியது, இரண்டையும் அதிலேயே போட்டாள்.

கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்த வாரத்தில், பழைய மிஷினை எடுத்துப் போக மெக்கானிக் ஏசுபாதம் வந்தார்.

"எங்க போவுதுண்ணா இது?"

"செங்கல்பட்டுல ஒரு கடைக்கு. நீங்க போட்டதெல்லாம் உள்ள டிஸ்க்குல அப்டியே கீது, தெரியுமா? அழிக்கச் சொன்னா அழிப்போம். யாரும் சொல்றதில்ல."

மாப்பிள்ளை வீடும் செங்கல்பட்டுதான். சம்பூர்ணம் ஓடிப்போய் அட்மின் பிரதீபாவை மிஷினிடம் கூட்டி வந்தாள்.

"அழிக்கச் சொல்லுங்க மேடம்."

"பழைய மிஷின்ல என்ன இருக்கப் போகுது சம்பூர்ணம்? அதுக்கெல்லாம் ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்."

ஏசுபாதம் வாதாடவில்லை. திரையில் எதையோ தட்டினார். மிஷின் முனகிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. பிரதீபாவின் பயோடேட்டா, எதிர்க் கட்டடத்துக் கம்பெனிக்கு எழுதியது. அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"முழுசா அழிச்சிடுங்க. இப்பவே."

ஹெட் ஆபீஸ் பேச்சு அதன்பிறகு வரவில்லை. அழித்து முடிக்கிறவரை சம்பூர்ணம் மிஷின் பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். ஜெயப்பிரியா பதறவில்லை.

"மூலம்னு நான் அவருகிட்ட மொத போன்லயே சொல்லிட்டேம்மா. அவரு அவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டாரு."

சம்பூர்ணத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நான் இன்னா பேஜாரு பட்டேன் இன்னைக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"மாமாதான் வேணாம்னாரு. தெரிஞ்சா அம்மா கூச்சப்படுவாங்கன்னாரு."

யார் உயிருக்கு ஆகாது என்று இத்தனை பொய் சொன்னாளோ, அந்த மனிதர் தெரிந்தேதான் பெண் எடுக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அவருக்கு பயமா இல்லியாடி?"

"கீதாம். அதான் இப்பல்லாம் பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போட்டுகினு இருக்காராம்."