திருப்பிக் கட்டிய பேனர்

அப்பா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இந்தியாவுக்குச் சுதந்திரம் கேட்டு அங்கிருந்த நம் ஆட்கள் ஊர்வலம் போனபோது பேனர் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய இரண்டு வேட்டிகளை இணைத்து அம்மா தைத்த பேனர் அது. சிவப்புத் துணியில் எழுத்து வெட்டி மேலே வைத்துத் தைத்தாள். வெள்ளையனே வெளியேறு.

போலீஸ் தடியில் அப்பாவின் வலது கை உடைந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. பேனரை மட்டும் அவர் விடவில்லை.

அவர் போன பிறகு அது எனக்கு வந்தது. என்னோடு நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கும் வந்தது.

சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷம். தமிழ்ச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"ஆன்ட்டி, இது ஹிஸ்டரி. ஸ்டேஜ்லயே கட்டுறோம்."

அந்த எழுத்தை நாலு பேர் ஒரு தடவை படிக்க வேண்டும். அப்பாவின் கைக்கு அது போதும். கொடுத்தேன்.

விழா பள்ளிக்கூட ஹாலில். மேடையில் வேட்டி தெரிந்தது. எழுத்து வேறு. நீலப் பெயின்டில் இங்கிலீஷ். மகனிடம் கேட்டேன்.

"மேயர வெல்கம் பண்றோம்னு போட்டிருக்கும்மா."

செயலாளரைப் பிடித்தேன்.

"என்ன தம்பி இது?"

"பின்பக்கம்தான் ஆன்ட்டி எழுதினோம். முன்பக்கம் அப்படியே இருக்கு. மேயர் வெள்ளைக்காரர். என்ன எழுதியிருக்குன்னு கேட்டா நான் எப்படி ட்ரான்ஸ்லேட் பண்றது? பாதிப் பேரு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கான்."

"வேற துணி கெடைக்கலியா?"

"இதுல ஒரு காதி லுக் இருக்குன்னு கமிட்டில சொன்னாங்க."

மேயர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஷூவோடு ஏற்றினார். அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்கள் கை தட்டினார்கள்.

எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். சமோசா தட்டுகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். எழுத்து அங்கே நேராக இருந்தது. நீலம் ஊறி வேட்டியெல்லாம் இறங்கியிருந்தது.

மகன் தேடி வந்தான்.

"அம்மா, உனக்கு முன்னாடி சேர் போட்டிருக்காங்க."

"இங்கதான் படிக்க முடியுது."

அண்ணாந்து பார்த்தான்.

"ட்ரை கிளீனிங் குடுத்துரலாம்மா. போயிடும்."

"வேண்டாம்."

விழா முடிந்ததும் நானே அவிழ்த்து மடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் செயலாளர் போன் பண்ணினார். பேனர் வேண்டுமாம். இல்லை என்றேன்.

கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.