குசினிக்கு வந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பதில் எங்கள் அம்மாவுக்கு மறுபேச்சே கிடையாது. வயல்வட்டை வரம்பிலிருந்து அண்ணன் ஒரு தரையாமையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றே, அது வாசற்படி தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் சவர்க்காரப் பெட்டியொன்றில் மணல் நிரப்பி, பாதி வெயிலும் பாதி நிழலுமாக மாமரத்தடியில் வைத்தான்.

"அதுக்கு நம்மளப்போல சொந்தச் சூடு இல்லகா. குளிர்ந்தா வெயிலுக்கு வரும், சுட்டா நிழலுக்குப் போகும். ரெண்டும் இருக்கோணும்" என்றான். பெரிய டாக்குத்தர்!

அந்த வருடம் பெரியகல்லாற்றில் இராணுவச் சுற்றிவளைப்புகள் கூடிப்போயின. அண்ணன் வயதுப் பையன்களை வீட்டில் வைத்திருக்க எல்லோரும் பயந்தார்கள். அப்பா அவனைத் தோணியில் ஏற்றி, வாவிக்கு அக்கரையில் பழுகாமத்து மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏறும்போது அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஆமையச் சாகவிட்டிராத."

மாரி பிடித்துக்கொண்டது. வெயில் என்ற ஒன்றே இல்லை. வாவி பெருகித் தோணிகளும் நின்றுபோக, அண்ணனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. ஆமை தலையை உள்ளே இழுத்தது இழுத்ததுதான். பொன்னாங்காணிக் கீரையை மூக்கடியில் வைத்தாலும் அசையவில்லை. அண்ணன் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று பெட்டியருகில் குந்தியிருந்து ஒப்பாரி வைத்தேன்.

அம்மா வந்து பார்த்தார். பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற குசினிக்கு நடந்தார்.

"குசினி வீடில்லதானே" என்றார், யாரோ கேட்டதுபோல.

பெட்டியின் ஒரு முனை அடுப்போரம், மறுமுனை கதவோரம். இரண்டு மூன்று நாளில் ஆமை காலை நீட்டியது. நான் சந்தோசம் தாங்காமல் தணலை இழுத்து இன்னும் நெருக்கி வைக்க, அது மறுமூலைக்கு ஓடிப்போய்ப் பலகையைப் பிறாண்டியது. ஆமை ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"அடியேய், அவிச்சுப் போடாத!"

அதற்குப் பிறகு அந்த வேலையை அம்மா என்னிடம் விடவேயில்லை. சமையல் முடிந்ததும் போத்தலில் சுடுநீர் ஊற்றி, சாக்கில் சுற்றி மணலில் புதைப்பார். சூடு கூடிற்றா, குறைந்ததா என்று புறங்கையால் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இத்தனை தடவை தொட்டதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் குசினிப் பக்கம் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியருகில் குந்தியிருந்தார். ஆமை கீரையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் ஓட்டைத் தடவியபடி, "நனையாமத்தானே இருக்காய் மகனே? நேரத்துக்குத் தின்றியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அம்மா ஆமையோட கதைக்கிறா! நனையாம இருக்கியா எண்டு கேக்கிறா! அது குசினிக்குள்ளதானே கிடக்கு, எப்பிடியப்பா நனையும்?"

அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு, மழைக்குள் இறங்கிக் குசினிக்குப் போனார். இதுகூடத் தெரியாத அம்மாவை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.