கைவிசேஷத்துக்கு முன்பே பிறந்த கம்பனி

நான் பொய் சொன்னேன். எங்கள் கம்பனியின் முதல் வரி விவரத்திரட்டை, அதாவது வரி அலுவலகத்துக்குக் கொடுக்கும் ஆண்டு வருமானக் கணக்கை, அனுப்பிவிட்டதாக யோகா அக்காவிடம் சொன்னேன். அனுப்பவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்பீர்கள். கண்டியில் ஒரு ஹோட்டல் மனேஜர், அக்கா தைத்த துணிப்பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பை நல்லாத்தான் இருக்கு. ஆனா லிமிட்டட் கம்பனியா வந்தாத்தான் எடுப்போம்" என்றார். அந்த நொடியில் கம்பனி ஆசை பற்றிக்கொண்டது எனக்கு!

யோகா அக்கா என் பெரியம்மா மகள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே, லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் தையல் மெஷின் வைத்திருந்தவள். அவளைப் பார்க்க மேலே போகும் பஸ்ஸிலேயே கம்பனிச் சட்டத்தைக் கைபேசியில் வாசித்து முடித்தேன். வாசித்தேனா... மேய்ந்தேன்.

தை மாதமே பதிவு முடிந்தது. நான் அரசாங்க எழுதுவினைஞன், கம்பனிப் பொறுப்பில் பெயர் போட முடியாது; அதனால் பணிப்பாளர் அக்கா மட்டும். பதிவுக்கும் வரிக்குமான இணையக் கடவுச்சொற்கள் மட்டும் என்னிடம்.

ஆனால் சித்திரை பிறந்து, சுபநேரத்தில் கைவிசேஷம் வாங்கிய பிறகுதான் துணியில் கத்தரிக்கோல் வைப்பேன் என்றாள் அக்கா. அப்படியே நடந்தது. பால் பொங்கியது, பெரியம்மா கையால் கைவிசேஷக் காசு கொடுத்தார், முதல் துணி வெட்டப்பட்டது. என் மனதில் கம்பனி பிறந்தது அன்றுதான்.

வரி ஆண்டோ மார்ச்சில் முடிகிறது. சித்திரையில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு முந்திய ஆண்டின் கணக்கு எதற்கு? அதுவரை ஒரு பை விற்கவில்லை, வருமானமும் இல்லை. எவ்வளவு தெளிவாக இருந்தேன்!

பதிவான நாளிலிருந்தே கம்பனிக்கு உயிர் உண்டு. வருமானம் சைபர் என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இது கெடு கடந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் அது வெறும் அறியாமைதானே என்பீர்கள். இல்லை. கெடுவுக்கு முன்பே அக்கா கேட்டாள்: "தம்பி, அந்த வரி சமாச்சாரம் போட்டாச்சா?"

"எப்பவோ போட்டாச்சுக்கா."

தேவையில்லை என்றே நம்பியிருந்தால் தேவையில்லை என்றல்லவா சொல்லியிருப்பேன்? எங்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது... அதைப் பார்க்க மறுத்தேனா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஹோட்டல், அடுத்த ஓடருக்கு முன் விவரத்திரட்டு கொடுத்த அத்தாட்சியைக் கேட்கிறது. அந்த ஓடரை நம்பித்தான் அக்கா தோட்ட வேலையை விட்டாள்.

போன ஞாயிறு அவளிடம் சொன்னேன். மெஷின் நின்றது.

"போட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்க்கா. போடல."

"அப்ப வரி ஆபீஸ் ஏட்டுல நான்தான் கள்ளியா?"

"ஐயோ, இல்லக்கா. தண்டம் வேணும்னா வரலாம்..."

"வரலாமா, வருமா?"

"தெரியல."

"சரி. என் பேர்ல என்ன குடுக்கணும்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

தொடங்கினேன். வரி வேறு, விவரத்திரட்டு வேறு என்றேன். வரி இல்லாவிட்டாலும் விவரத்திரட்டு உண்டு என்றேன். பழைய ஆண்டை எந்தப் பக்கத்தில் திறப்பது, தண்டம் கம்பனிக்கா பணிப்பாளருக்கா... ஒன்றை விளக்கப்போய் இன்னொன்றில் சிக்கினேன்.

"ஒனக்கே வெளங்கலியேடா" என்றாள். கோபமில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்பை நானும் கேட்கவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாளை இருவரும் வரி அலுவலகம் போகிறோம். ஏன் தாமதம் என்று கேட்டால் சொல்ல நல்ல நல்ல காரணங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அக்கா ஒன்றையும் ஏற்கவில்லை.

"நான் பேசிக்கிறேன். அவங்க ஆபீஸ் சிங்களம்தான் எனக்கு ஓடாது. அவங்க சொல்றத எனக்குத் தமிழ்ல சொல்லு, நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. கூட்டாம, கொறைக்காம. முடியுமா?"

முடியும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"செஞ்சு பாக்குறேன்க்கா" என்றேன்.