கோயிலுக்கு வெளியே ஒரு கிராம சபை

போன அக்டோபர் இரண்டாம் தேதி. காலை பத்தே முக்கால் மணி. எங்கள் ஊர் துவக்கப்பள்ளி முற்றம்.

பதினொரு மணிக்குக் கிராம சபைக் கூட்டம். மைக் செட்காரர் வயரை மாட்டி, "ஹலோ... ஹலோ..." சொல்லிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல பென் டிரைவைச் செருகினார். எடுத்த எடுப்பிலேயே ஓர் அம்மன் பாட்டு உச்சத்தில் கிளம்பியது.

"ஏலே... அத ஆஃப் பண்ணுலே! இது கவர்மெண்ட் கூட்டம்லே!"

மரத்தில் இருந்த காக்கை பறந்துவிட்டது. பாட்டு நின்றது.

சத்தம் போட்டவர் கடவுள் மறுப்பாளராக இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அவர் சுடலைமுத்து அண்ணாச்சி. ஊர் அம்மன் கோயிலின் நிர்வாகி. நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். அந்த மைக் செட் கோயிலுடையது. அந்தப் பாட்டுகளைப் பொறுக்கி பென் டிரைவில் ஏற்றி வைத்ததும் அவர்தான்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. சரியாகச் சொன்னால், மே ஒன்று முதல் அக்டோபர் இரண்டு வரை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி போடாமல் எனக்கு எதையும் எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கேதான் பால் வாங்கப் போகவேண்டும்.

இங்கே கிராம சபை எப்போதும் அம்மன் கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மண்டபத்தில் நிழல் உண்டு. ஃபேன் உண்டு. மைக் உண்டு. கூட்டம் முடிந்ததும் சுண்டலும் உண்டு. வேறென்ன வேண்டும் ஒரு ஜனநாயகத்துக்கு? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துச் சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன்.

மே ஒன்றாம் தேதி கொஞ்சம் தாமதமாகப் போனேன். அதனால்தான் வாசலைப் பார்க்க நேர்ந்தது.

கோயில் கேட்டுக்கு வெளியே, வெயிலில், கீழத்தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கீழத்தெருவில் முஸ்லிம் வீடுகள் பாதி, கிறிஸ்தவ வீடுகள் பாதி. எல்லா வீட்டிலும் பீடி சுற்றுகிறார்கள். தெரு முழுவதற்கும் ஒரே ஒரு குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. வந்துவிட்டால், பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடவேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் கேட்கத்தான் அன்று வந்திருந்தார்கள். கிராம சபைத் தீர்மானத்தில் ஏறினால்தான் அந்த வேலை பட்டியலுக்குப் போகும்.

முன்னால் நின்றவர் மைமூன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நறுக்கென்று பேசுவார்.

உள்ளேயிருந்து ஊராட்சிச் செயலர் எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்கக்கா. யாரு வேண்டாம்னா?"

"நீங்க வேண்டாம்னு சொல்லல தம்பி. ஆனா நான் உள்ள வந்தா எங்க தெருவுல ஒருத்தரு ஏன்னு கேப்பாரு. உங்க தெருவுல ஒருத்தரு ஏன்னு கேப்பாரு. ரெண்டு பேருக்கும் நானா பதில் சொல்லிக்கிட்டு இருக்க? அந்த நோட்ட இங்கன கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு விசயத்தச் சொல்லிட்டுப் போறோம்."

"பதிவேட்டக் கூட்டம் நடக்குத இடத்த விட்டு வெளிய கொண்டு வரக் கூடாதுக்கா."

அவர் சொன்னதும் தப்பில்லை. இவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் வந்து நின்றும் பதிவேட்டில் கீழத்தெரு வரவே இல்லை. வராதவர்களின் கோரிக்கையை யார் எழுதுவார்கள்?

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆண் முகமும் இருந்தது. மாடசாமி. மேலத்தெருக்காரர், பட்டாளத்திலிருந்து வந்து விவசாயம் பார்ப்பவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக நின்றார். அவருடைய அண்ணன் மாசி மாதம்தான் இறந்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் துக்கம் நடந்தால் ஒரு வருஷத்துக்குக் கோயிலுக்குள் போக மாட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்தேன். கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் எழுதுவேன். அரசியல் சட்டத்தைப் புரட்டி, நான்கு பக்கத்துக்கு ஒரு மனு தயாரித்தேன். அரசு, மதம், இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி, அதன் வரலாறு... எல்லாம் இருந்தது. கிராம சபை அறிவிப்பிலேயே, மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கூட்டம் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி வருகிறது. அதையும் மூன்றாம் பக்கத்தில் சேர்த்திருந்தேன்.

மைமூனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். இத யாரு வாசிப்பா?"

யாரும் வாசிக்கவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. செயலரிடம் நடந்தேன். "இடம்தானே பிரச்சினை? நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றேன். ஏற்பாடும் செய்தேன். ஊர்க் கோடியில் ஒரு ஹால் இருக்கிறது. நல்ல காற்று. எல்லா ஜாதிக்காரர்களின் கல்யாணமும் அங்கே நடந்திருக்கிறது. டியூஷன் நடக்கிறது, கண் சிகிச்சை முகாம் நடக்கிறது. கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் பதினைந்து கூட்டம் அங்கேதான் என்று முடிவாயிற்று. எனக்கு ஏகப் பெருமை.

ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன். அது சர்ச் ஹால்.

சிரிக்காதீர்கள். எனக்கு அது உண்மையிலேயே ஹாலாகத்தான் தெரிந்தது. மேலத்தெருக்காரர்களுக்கு அது சர்ச்சாகத் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குச் சிலுவை இருக்கும்போது வேறெப்படித் தெரியும்? அறிவிப்பின் அந்த ஒரு வரியை மனுவில் எடுத்து எழுதியவனே நான்தான். எழுதும்போது என் மனதில் இருந்தது கோயில் மட்டும்!

ஆகஸ்ட் பதினைந்து. சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஹால் வாசலில், குடைக்கடியில், மேலத்தெருக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரவில்லை. மே மாதம் பார்த்த அதே காட்சி. ஆட்கள்தான் மாறியிருந்தார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன சார், இந்தத் தடவ நாங்க வெளியவா?"

கல்யாணத்துக்கு உள்ளே வந்து சாப்பிடுகிறவர்கள்தானே என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு அழைத்தவர் வீட்டு விருந்தாளியாக வருகிறோம். கிராம சபைக்கு அப்படியா வருகிறோம்?

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தனை பேர் சேரவில்லை. ஒத்திவைப்பு. மறுபடி கூட்டிய அன்றும் அதே கதை. கீழத்தெருவின் குழாய் இன்னொரு முறை காற்றோடு போயிற்று. இம்முறை என்னால். அடுத்த கூட்டத்தைப் பழையபடி கோயில் மண்டபத்திலேயே வைத்துவிடலாம் என்றார் செயலர்.

மைமூன் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"சார், ஒரு வீட்டுக் கதவ அடைச்சிட்டு இன்னொரு வீட்டுக் கதவத் தொறந்து விட்டிருக்கிய. நாங்க வீடா கேட்டோம்? தெருவக் கேட்டோம்."

அரசாங்கம் எவர் வீட்டிலும் விருந்தாளியாகப் போகக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. விருந்தாளியாகப் போனால் அந்த வீட்டு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். செருப்பை எங்கே விடுவது, யார் உள்ளே வரலாம், யார் இன்றைக்கு வரக் கூடாது... எல்லாம் வீட்டுக்காரர் வழக்கம். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு குடிமக்கள் எல்லோரும் விருந்தாளியோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

"இனி நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மைமூன். பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மாடசாமியைக் கூட்டிக்கொண்டு அவர் நேராகப் போனது சுடலைமுத்து அண்ணாச்சியின் உரக்கடைக்கு. நான் பின்னால் போனேன். பேசக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்.

"அண்ணாச்சி, ஒரு சண்டைக்கு வந்திருக்கோம்."

"உக்காருங்க. சண்டைய நின்னுக்கிட்டா போடுவாக? டீ சொல்லட்டா?"

"சொல்லுங்க. கோயில்ல வேண்டாம், பள்ளிக்கூடத்துல கூட்டத்த வைக்கணும்னு கேக்க வந்திருக்கோம்."

அண்ணாச்சி முகம் மாறியது. "ஏன்? அம்மன் உங்கள என்ன செஞ்சா? எத்தன வருசமா இடம் குடுக்கேன். ஒரு தடவையாவது முகஞ்சுளிச்சிருப்பனா?"

மாடசாமி வாயைத் திறந்தார். "வே சுடலை, என்னையப் பாரும். கோயிலுக்கு வரி குடுக்கவனா இல்லையா நான்?"

"நீரு குடுக்காம வேற எவன் குடுப்பான்?"

"எங்கண்ணன் போனதுல இருந்து வாசப்படி மிதிக்கல. மே ஒண்ணாந் தேதி வெயில்ல வெளிய நிக்கேன். உள்ள என் வயக்காட்டுப் பாதையப் பத்திப் பேசுதாவ. எனக்கு ஒரு எழவும் கேக்கல. தீட்டு எனக்குச் சாமிகிட்டதானவே? பஞ்சாயத்துகிட்டயுமா?"

டீ வந்தது.

மைமூன் டம்ளரை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டு மருமவளும் அன்னைக்குக் கூட்டத்துக்கு வரல அண்ணாச்சி. ஏன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாண்டாம்."

அண்ணாச்சிக்குப் புரை ஏறியது. இருமி முடித்தபோது பாதிக் கோபம் போயிருந்தது.

"இடத்த மாத்துனா நான் கோவிச்சுக்கிடுவேன்னு செயலர் சொன்னானா?"

"ஆமா."

"கோவிச்சுக்கிடத்தான் செய்வேன். ஒரு நாளைக்கு. மறுநாள் சரியாயிரும். அது கெடக்கட்டும், பள்ளிக்கூடத்துல மைக்குக்கு என்ன செய்விய?"

"அதையும் உங்ககிட்டதான் கேக்கணும்."

"கொள்ளாமே!" என்றார் அண்ணாச்சி. செங்கோட்டைப் பக்கம் பெண் எடுத்தவர். பாதி மலையாளம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். 'நல்லாத்தான் இருக்கு' என்று அர்த்தம்.

மைமூன் எழுதிய மனு ஒரு பக்கம்தான். அதில் கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. 'அறிவிப்பில் உள்ளபடி கூட்டத்தை அரசுப் பள்ளியில் நடத்தவேண்டும். எல்லோரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும்.' அவ்வளவுதான். முதல் கையெழுத்து மாடசாமி. இரண்டாவது, பார்த்துச் சிரித்துவிட்டேன், அண்ணாச்சியின் மருமகள். மதச்சார்பின்மை என்ற சொல் என் மனுவில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அவர் மனுவில் அது ஓர் இடத்திலும் இல்லை. அந்தப் பொருள் மட்டும் இருந்தது.

ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கப் போனபோது எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது.

"சார், சீலும் தேதியும் ஒழுங்கா விழுந்திருக்கான்னு மட்டும் பாருங்க. அதுக்கு உங்கள விட்டா ஆளு கெடையாது."

விழுந்திருந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

இப்போது மறுபடி அக்டோபர் இரண்டு, பள்ளி முற்றம். பாட்டு நின்ற பிறகு கூட்டம் ஆரம்பித்தது. ஃபேன் இல்லை. சுண்டலும் இல்லை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று ஆரம்பித்து, நிழல் நகர நகர எல்லோரும் கலந்துவிட்டார்கள். வருகைப் பதிவேடு கைக்குக் கை போனது. மாடசாமி தன் பெயரை எழுதிவிட்டு, பட்டாளத்து வழக்கத்தில் அடியில் ஒரு கோடும் போட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு மைமூன் எழுந்து கீழத்தெருக் குழாயைப் பற்றிப் பேசினார். உட்காருவதற்குள் எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து என்று நினைக்கிறீர்கள்?

"கீழத்தெருவுக்கு மொதல்ல பைப்பு போட்டா மேலத்தெருவுக்கு பிரஷர் எங்கன இருந்து வரும்? டேங்க் ஒண்ணுதான இருக்கு?" சுடலைமுத்து அண்ணாச்சியேதான்.

"அண்ணாச்சி! அன்னைக்கு டீ வாங்கித் தந்தது இப்படிக் கவுத்து விடத்தானா?"

"டீ வேற, தண்ணி வேற மைமூனு!"

பிடித்துக்கொண்டது. டேங்க் உயரம், மோட்டார் ஓடும் நேரம், பைப்பின் அகலம்... முக்கால் மணி நேரம். மேலத்தெருவிலேயே இரண்டு கட்சி. கீழத்தெருவிலும் இரண்டு கட்சி. அண்ணாச்சியின் மருமகள் மாமனாருக்கு எதிராகக் கை தூக்கினார். எனக்குத் தெரிந்து, எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி மட்டுமே நடந்த முதல் தண்ணீர்ச் சண்டை அது. யாரும் வாசலில் நிற்கவில்லை. எல்லோரும் உள்ளே இருந்தபடியே கத்தினார்கள்.

கடைசியில் முடிவாயிற்று. முதலில் கீழத்தெருவுக்குக் குழாய். கூடவே மேலத்தெருவுக்கு இன்னொரு டேங்க் கேட்டு ஒரு தீர்மானம். செயலர் எழுதினார். உரக்க வாசித்தார். தண்ணீர் இன்னும் வரவில்லை, அதற்கு இன்னும் பல அலுவலகங்கள் ஏறி இறங்கவேண்டும். ஆனால் கீழத்தெரு எழுத்தில் வந்துவிட்டது.

மைமூன் கூட்டம் கலைந்த பிறகும் போகவில்லை. பதிவேட்டை மூடிக்கொண்டிருந்த செயலரிடம் வந்தார்.

"தீர்மானத்தோட நகல் எப்போ கெடைக்கும் தம்பி?"

"அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்கக்கா."

"வாரேன்" என்றவர், இரண்டடி போய்த் திரும்பிக் கேட்டார்.

"ஆபீசுக்குத்தான?"