குப்புறப் படுத்த ரஹ்மத் அக்கா

அயர்லாந்தில் பேருந்தை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். வந்த புதிதில் நான் பேசாமல் இறங்கியபோது, ஓட்டுநர் கவலையோடு "ஆர் யூ ஓகே?" என்றார். எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிட்டார் போலும். "ஐ ஆம் நர்ஸ்" என்று உளறிவிட்டு நடந்தேன். ரஹ்மத் அக்காவிடம் நான் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

கொரோனா இரண்டாம் அலையின்போது, தேனியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் இருவரும் செவிலியர்கள். அவர் உத்தமபாளையத்துக்காரர், என்னைவிட மூத்தவர்; என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எனக்குத் தேவதானப்பட்டி. உடலை முழுதாக மூடும் பிபிஇ பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் பணி முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. முகம் தெரியாததால் பெயரை நெஞ்சில் எழுதிக்கொள்வோம்.

கம்பத்திலிருந்து வந்த திராட்சை விவசாயி ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. குப்புறப் படுத்தால் மூச்சு சீராகும் என்று எவ்வளவு சொல்லியும் அந்தப் பெரியவர் மறுத்தார்.

"பக்கத்துக் கட்டில்ல கெடந்தவுக காலையிலதான் போனாக. என்னையவும் மூச்சு முட்ட வச்சு அனுப்பப் பாக்குறீகளா?"

காலையில் காலியான அதே கட்டிலில், அக்கா அத்தனை உடையோடும் ஏறிக் குப்புறப் படுத்தார்.

"அய்யா, நானும் இங்கன படுத்துட்டேன். எனக்கு முட்டுதான்னு பாருங்க. நீங்களும் திரும்புங்க, பேசிக்கிட்டே கெடப்போம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவருடைய நோயாளிகளையும் நான்தானே ஓடி ஓடிப் பார்க்க வேண்டும்! பெரியவர் மெல்லத் திரும்பினார். தோட்டத்தில் என்ன ரகம், கொடியை எப்போது வெட்டிக் கவாத்து பண்ணுவீர்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "பன்னீர்... திராச்ச..." என்று மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பதில் வந்தது. அரை மணி நேரத்தில் மானிட்டரில் எண்கள் ஏறத் தொடங்கின. வெட்கமாகிப் போனது எனக்கு. மறுநாள் இன்னொருவர் பயந்து மறுத்தபோது, நானே போய்ப் படுத்தேன்.

பெரியவர் பிழைத்தார். வீட்டுக்குக் கிளம்பிய அன்று, குரலை வைத்தே அக்காவை அடையாளம் கண்டார். அவரும் நன்றி சொல்லவில்லை. "ஆத்தா, தண்ணி குடிச்சியா?" என்றார். அக்கா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

போன வாரம் அக்காவிடம் தொலைபேசியில், நீங்களும் இந்த நாட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"நானும் வந்துட்டா இங்கன யாரு இருக்கா? நீ எப்ப வர்ற தம்பி?"

"அங்கன லீவு குடுக்கட்டும்க்கா, இங்கன வந்துர்றேன்."

"எங்கன இருந்துடா பேசுற நீ?" என்றார் அக்கா. ஜன்னலுக்கு வெளியே அயர்லாந்தின் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நின்றிருந்த அந்த ஊரைத்தான் 'அங்கன' என்று சொல்லியிருந்தேன்.